அஞ்சலையின் பெயரில் ஒரு பூசணம்

என் அண்ணியின் நுரையீரல் கெட்டுப்போனதற்கு நான்தான் காரணம்.

தெரியாமல் நேர்ந்த பிழை என்று நினைத்துவிடாதீர்கள். அவள் தறி நெய்த அறையின் சுவரில் ஒரு பூசணம் வளர்ந்தது. அந்தக் காற்றை இழுக்க இழுக்க அவளுக்கு மூச்சு கெடுகிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும், அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம் என்று நானே சொன்னேன்.

எதற்காக? அந்தப் பூசணம் அடுத்து என்ன செய்யும் என்று பார்க்க ஆசையாக இருந்தது… அவ்வளவுதான்.

பதவி உயர்வுக்காகச் செய்தேன், புகழுக்காகச் செய்தேன் என்று சொன்னால் உங்களுக்கு எளிதாகப் புரியும். என்னைத் திட்டவும் வசதியாக இருக்கும். எனக்குள்ளேயே அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லும்போதே பொய் என்று தெரிந்துவிடுகிறது.

என் பெயர் கோமதி. ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பத்தில் பிறந்தவள். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பூஞ்சைகளைப் படிப்பது என் உத்தியோகம். ரொட்டியிலும் ஊறுகாயிலும் மழைக்காலச் செருப்பிலும் படருமே, நீங்கள் முகம் சுளித்துக் குப்பையில் போடுவீர்களே, அதைத்தான் நான் வாழ்நாளெல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பைத்தியம் பள்ளிக்கூடத்திலேயே பிடித்தது. ஒரு கோடை விடுமுறைக்கு முன் சாப்பாட்டு டப்பாவைப் புத்தகப் பையிலேயே மறந்துவிட்டேன். பள்ளி திறக்கிற வாரம் அம்மா அதைக் கண்டுபிடித்துத் திறந்தாள். திறந்த வேகத்தில் வீசி எறிந்தாள். நான் ஓடிப் போய் எடுத்துப் பார்த்தேன். மிச்சம் வைத்த எலுமிச்சம்பழச் சோறு ஒரு காடாகியிருந்தது! பஞ்சு போல ஒரு வெண்மை. அதன்மேல் பச்சைத் தூள். ஓரத்தில் கம்பளிப் போர்வை மாதிரி ஒரு சாம்பல் நிறம், அதன் ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு கறுப்புப் புள்ளி. யார் இதையெல்லாம் விதைத்தது? மூடிய டப்பாவுக்குள் எந்த வழியாக வந்தது? முதுகில் அடி விழுந்தது எனக்கு உறைக்கவில்லை.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே கல்லூரி, முதுகலை, முனைவர் பட்டம் என்று போனேன். எங்கள் தெருவில் ஒரு பெண் அதுவரை போகாத தூரம் அது. சோறு போட்டது மட்டும் வேர்க்கடலை. எங்கள் மாவட்டத்தின் பயிர் அல்லவா? ஈரத்தோடு மூட்டை கட்டிய கடலையில் ஒரு பூஞ்சை வரும். அது சுரக்கும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். அதை எப்படித் தடுப்பது என்பதுதான் என் அலுவலக ஆராய்ச்சி. தெள்ளார், சேத்துப்பட்டு, செய்யாறு என்று ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பூசணத்தை அலட்சியம் செய்யாதீர்கள் என்று மைக் பிடித்துப் பேசியவள் நான். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் பெயர் அஞ்சலை. சேத்துப்பட்டுக்காரி. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது என் அண்ணன் ஏகாம்பரத்தைக் கட்டிக்கொண்டு வந்தாள். என்னைவிட இரண்டே வயது மூத்தவள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள்.

அப்போது நான் கல்லூரியிலிருந்து கண்ணாடித் தட்டுகளில் பூஞ்சை வளர்த்து வீட்டுக்கு எடுத்துவருவேன். அம்மா பார்த்தால் தெருவில் போடுவாள். அண்ணி வந்த சில நாளிலேயே அவற்றைத் தன் கல்யாணப் பெட்டிக்குள், புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். பட்டுப் புடவையும் பூசணமும் ஒரே பெட்டியில்! எந்த மருமகள் செய்வாள்?

சாயங்காலம் தட்டை வெளியே எடுப்பாள். கேள்வி மேல் கேள்வி கேட்பாள்.

"இது இன்னாத்தத் துன்னுது?"

"தட்டுல ஊத்தியிருக்கிற கூழ."

"துன்னுட்டுத் தூங்குமா?"

பேராசிரியரிடம் கேட்டேன், அவர் சிரித்தார். பல வருடங்களுக்குப் பிறகு, இரவு பகலுக்கு ஏற்ப வளையம் வளையமாக வளர்கிற ஒரு பூஞ்சையைப் பற்றிப் படித்தேன். அதை முழு இருட்டில் வைத்தாலும் வளையம் போடுவதை நிறுத்தாதாம். அன்றே அண்ணிக்குப் போன் செய்து, "தூங்குற மாதிரி ஒண்ணு இருக்கு அண்ணி" என்றேன். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள். அவள் சொல்லவில்லை, கேட்டாள். ஆனால் நான் திருத்தவில்லை.

என் வேலை என்ன என்று அந்த வீட்டில் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிய ஒரே ஆள் அவள். அவளைத்தான் நான்…

சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசி. அம்மா அப்பா காலமாகியிருந்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சென்னையில் தனியாக இருந்தேன். அண்ணனும் அண்ணியும் ஆரணியில் எங்கள் பழைய வீட்டிலேயே நெய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் மகள் ஓசூரில் வேலையில் இருந்தாள். நீள அறையில் இரண்டு குழித்தறிகள். முன்பக்கம் அண்ணனுடையது. பின்சுவரை ஒட்டி அண்ணியுடையது. குழித்தறி என்றால் தரையில் பள்ளம் தோண்டி அதற்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்ய வேண்டும். உட்கார்ந்தால் அண்ணியின் முகத்துக்கும் அந்தச் சுவருக்கும் ஒரு முழம்கூட இருக்காது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாயப் பட்டறை புதிதாக வந்திருந்தது. கொதிக்கிற சாயத் தொட்டிகளை அந்தச் சுவரோடு சேர்த்தே கட்டியிருந்தார்கள். வெளியே மழை, உள்ளே ஆவி. சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக, வியர்த்தபடி இருந்தது.

அண்ணி போன் செய்தாள்.

"கோமதி, தறி பக்கத்துல செவுத்துல ஒண்ணு புச்சா வந்துகீது. கொய்யாப்பழ வாசன அடிக்குது. வந்து பாரேன், உனக்குப் புடிக்கும்."

பார்த்தீர்களா? என்னை அழைத்ததே அவள்தான்.

சனிக்கிழமை காலை பஸ் பிடித்துப் போனேன். சுவரைப் பார்த்ததும் பையைக் கீழே வைக்கவும் மறந்துபோனேன். மயில் கழுத்து நிறம் சொல்வார்களே, பட்டில்கூட அவ்வளவு சுலபமாக வராதே, அந்த நிறத்தில் ஓர் அகலமான வட்டம். அதன் மேலே ரோஜா நிறத்தில் சின்னச் சின்னத் துளிகள் நின்றன. கிட்டப் போனால் உண்மையாகவே பழுத்த கொய்யா மணம். சுவரின் மறு ஓரத்தில், ஜன்னல் பக்கம், அதே நிறத்தில் இன்னொரு வட்டம். இரண்டுக்கும் நடுவில் வழக்கமான கறுப்புப் பூசணம். ஆனால் மயில் நிற வட்டங்களை அந்தக் கறுப்பு தொடவே இல்லை. சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்குச் சுவர் வெறுமையாக இருந்தது. எதைக் கண்டு பயந்து அது ஒதுங்கியது?

கையோடு கொண்டுபோயிருந்த சின்ன நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். மெல்லிய காம்பு, நுனியில் துடைப்பம் போல விரிந்த கிளைகள், கிளை நுனியில் மணி கோத்த மாதிரி வித்துகள். பெனிசிலியம் குடும்பம். ஆனால் அந்தக் காம்பு நடுவில் ஒருமுறை உப்பிச் சுருங்கியது. அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை, படித்ததும் இல்லை.

அண்ணியும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் நகரவில்லை.

"எவ்ளோ அழகா கீது" என்றாள் மெதுவாக.

நான் இரண்டு வட்டங்களிலிருந்தும் சுரண்டி எடுத்துக்கொண்டதும் அவள் ஈரத்துணியோடு வந்தாள்.

"எடுத்துகினியா? அப்ப தொடச்சிடட்டா?"

"வேணாம் அண்ணி. கொஞ்ச நாள் இருக்கட்டும்."

"ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாது இல்ல?"

"ஒண்ணும் பண்ணாது. சாதாரணமானதுதான்."

சாதாரணமானது அல்ல என்பதால்தானே இருக்கட்டும் என்றேன்? ஒரே மூச்சில் இரண்டையும் எப்படிச் சொன்னேன்? ஆனாலும் அன்றைக்கு நான் சொன்னது ஊகம். பெரும்பாலான பூஞ்சைகள் பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்வதில்லை. அந்த ஒரு நாளுக்காக மட்டும் என்னை நீங்கள் மன்னிக்கலாம். அதற்கு மேல் முடியாது.

புதிய இனம் என்று அறிவிக்க என் கையில் இருந்த மாதிரிகளே போதும். தட்டில் வளர்த்து, மரபணுவைப் படித்து, படம் வரைந்து எழுதினால் முடிந்தது. சுவர் தேவையே இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்… சுவர் எனக்குத் தேவையே இல்லை!

ஆனால் சோதனையில் ஒன்று தெரிந்தது. இரண்டு வட்டங்களும் ஒரே இனம். ஆனால் ஒன்று ஒரு பால், மற்றது மறு பால். இந்த வகைப் பூஞ்சைகள் பெரும்பாலும் துணை இல்லாமலே வித்துத்தூளை ஊதிப் பெருகிக்கொள்ளும். இரண்டு பாலும் சந்தித்துக் கூடுவதைத் தட்டில் பார்ப்பதே அபூர்வம். நானும் தட்டில் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒன்றை ஒன்று சட்டை செய்யவில்லை. சுவரில் என்ன நடக்கும்? அங்கே இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்துகொண்டிருந்தன. கறுப்பு நடுவில் இளைத்துக்கொண்டே வந்தது. சந்திக்குமா? சந்தித்தால் அடையாளம் தெரிந்து கொள்ளுமா?

என்னால் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. விடுமுறை கிடைத்த போதெல்லாம் ஆரணிக்கு ஓடினேன்.

கார்த்திகை பிறந்ததும் அண்ணிக்கு இருமல் தொடங்கியது. பகலெல்லாம் நெய்வாள். சாயங்காலம் காய்ச்சலும் நெஞ்சு அடைப்பும் வரும். "நெஞ்சுல பாவு சுத்தின மாதிரி கீது, கோமதி" என்பாள். பாவு என்றால் தறியில் இழுத்துக் கட்டுகிற நீள நூல். டாக்டர் சளி என்றார். பிறகு காசநோய்க்குச் சோதித்தார்கள், இல்லை. ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார்கள்.

தீபத்துக்கு அவள் சேத்துப்பட்டில் தன் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தங்கினாள். எனக்கும் அந்த வாரம் சேத்துப்பட்டில் கடலை விவசாயிகள் கூட்டம் இருந்தது. முந்தைய நாள் மாலையே அவளைப் பார்க்கப் போனேன். மாடிப்படியில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள். தட்டு நிறைய அகலோடு மேலே ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். இருமல் இல்லை.

"இங்க வந்ததும் எல்லாம் சரியாப் போச்சு. அங்க போனாத்தான் பேஜாரு" என்று சிரித்தாள்.

அந்த இடத்தில், அந்தப் படிக்குக் கீழே நின்றபோது, எனக்குப் புரிந்தது.

இது பாடப்புத்தகத்தில் இருக்கிற நோய். பூசணம் பிடித்த வைக்கோலைக் கையாளுகிறவர்களுக்கும், பூசண அறைகளில் வேலை செய்கிறவர்களுக்கும் வரும். வித்துத்தூளை உடம்பு எதிரி என்று நினைத்து நுரையீரலுக்குள் சண்டை போடும். இடத்தை விட்டு விலகினால் தணியும். திரும்பினால் மூளும். நீண்ட நாள் நீடித்தால் நுரையீரல் தழும்பேறிக் கெட்டியாகிவிடும். அதற்குப் பிறகு திரும்பி வராது. எல்லாம் எனக்குத் தெரியும். மாணவர்களுக்குப் பாடமே நடத்தியிருக்கிறேன்.

மறுநாள் கூட்டத்தில், மூக்கில் துணி கட்டாமல் பூசண மூட்டையைப் பிரிக்கக் கூடாது என்று அரை மணி நேரம் பேசினேன். கை தட்டினார்கள்.

அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தேனா? அப்படி ஒரு முடிவை எடுத்ததாக நினைவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டு வட்டங்களுக்கும் நடுவே அப்போது நான்கு விரல் இடைவெளிதான் இருந்தது.

பொங்கல் வந்தது. அண்ணன் சுண்ணாம்பு வாங்கி ஊற வைத்திருந்தான். போகிக்கு முன் வீடு முழுக்க அடிப்பது வழக்கம். மற்ற சுவர்களை முடித்துவிட்டு, சுண்ணாம்பு அடிக்கிற மட்டையோடு தறி அறைக்கு வந்தான். நான் சுவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"இதை மட்டும் விடுண்ணா. ஆராய்ச்சி நடக்குது."

"இன்னாமா சொல்ற? பொங்கலுக்கு வெள்ளை அடிக்காம எப்டி? அவ வேற இருமிகினே கீறா. இதனாலதானோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

அண்ணன் அதிகம் படிக்காதவன். ஆனால் சந்தேகம் அவனுக்கு வந்துவிட்டது. நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். ஒரு தலையாட்டல்!

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லண்ணா. குளிரு. சாயப் பட்டறை புகை வேற."

அவன் அண்ணியைப் பார்த்தான். அவள் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தாள்.

"உடுங்க. கோமதிக்குத் தெரியாததா?" என்றாள்.

அண்ணன் மட்டையைச் சுண்ணாம்பு வாளியில் போட்டுவிட்டு வெளியே போனான்.

பங்குனியில் இரண்டு வட்டங்களும் தொட்டுக்கொண்டன. மழை நின்று சுவர் லேசாக உலரத் தொடங்கியிருந்தது. அவை தொட்ட கோட்டில் கடுகைவிடச் சின்னதாக, பொன் நிறத்தில் மணிகள் உருண்டிருந்தன. ஒரு மணியை எடுத்து நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தேன். உள்ளே பைகள். ஒவ்வொரு பையிலும் எட்டு வித்துகள். கூடியிருக்கின்றன! தட்டில் சட்டை செய்யாதவை சுவரில் அடையாளம் கண்டுகொண்டன. ஏன் சுவரில் மட்டும்? வெப்பமா, சாயமா, சுண்ணாம்பா, அண்ணியின் மூச்சில் இருந்த ஈரமா? இன்று வரை எனக்குத் தெரியாது.

நான் அழுதேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இதையும் ஒப்புக்கொண்டால்தான் ஒப்புக்கொண்டதாக ஆகும்: அந்தச் சந்தோஷம் இப்போதும் எனக்குள் அப்படியே இருக்கிறது. அதைப் பிடுங்கிப் போட முயன்றேன். வரவில்லை.

அண்ணி பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்தாள். அந்தச் சின்ன தூரத்துக்கே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள்.

"நீ நெனச்ச மாதிரி வந்துச்சா?"

"வந்துச்சு அண்ணி."

"நல்லது" என்றாள். வேறு ஒன்றும் பேச மூச்சு இல்லை அவளிடம்.

அன்று மாலையே நானே மட்டையை எடுத்து அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அண்ணன் ஆச்சரியமாகப் பார்த்தான்.

பிறகு வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் இளைஞர், பொறுமையாகப் பேசினார். இரண்டு பக்கமும் தழும்பு விழுந்திருக்கிறது என்றார். வீட்டில் புறா உண்டா, கோழி உண்டா, பூசணம் உண்டா என்று கேட்டார்.

அண்ணி சொன்னாள்:

"பூசணம் ஒரு செவுத்துல இருந்துச்சுங்க. ஆனா அது ஒண்ணும் பண்ணாதுன்னு எங்க நாத்தனாரு சொல்லிச்சு. இதோ பக்கத்துல உக்காந்துகீதே. அதுலயே டாக்டர் பட்டம் வாங்கினது."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். மரியாதையாகக் கேட்டார்.

"என்ன வகை மேடம்?"

அந்தப் பூஞ்சையைப் பற்றி உலகத்தில் தெரிந்த எல்லாமும் என் ஒருத்தியின் தலைக்குள் இருந்தது. அதன் நிறம், மணம், காம்பு, கூடல்… எல்லாம்.

"சாதாரண வகைதான் சார். இப்ப சுத்தம் பண்ணியாச்சு."

அவர் குறித்துக்கொண்டார். காரணம் தெரியவில்லை என்றே சிகிச்சை போனது. உண்மையைச் சொல்லியிருந்தால் மருந்து மாறியிருக்குமா? சில மாதங்களாவது நன்மை கிடைத்திருக்குமா? இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் துணிவு வரவில்லை. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற எனக்கு!

ஒரே ஒரு காரியம் செய்தேன். சாயப் பட்டறை ஆவி அண்ணிக்கு ஆகாது என்று அண்ணனை நச்சரித்து, கோட்டை பக்கம் வெயில் நன்றாக விழுகிற ஒரு வாடகை வீட்டுக்குக் குடி மாற்றினேன். நோய் வளர்கிற வேகம் குறைந்தது. விழுந்த தழும்பு விழுந்ததுதான். அண்ணி அதற்குப் பிறகு தறியில் உட்காரவில்லை. இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் பிராணவாயு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. மூக்கில் குழாய். குழாய் எட்டும் தூரம்தான் அவள் வீடு.

இனத்துக்குப் பெயர் வைக்க வேண்டிய நேரம் வந்தது. நான் அவள் பெயரை வைத்தேன். லத்தீன் வழக்கப்படி பெண் பெயர் வைத்தால் கடைசியில் ஏகாரம் போல ஓர் ஒலி வரும். பெனிசிலியம் அஞ்சலையே. தமிழில் வாசித்தால் யாரோ அவளைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். நன்றிக்காகவா வைத்தேன்? பரிகாரமாகவா? நோய் தந்ததன் மேல் நோயாளியின் பெயரை எழுதி வைத்ததா, இல்லை அதற்கு நேர்மாறா? எனக்கே குழம்புகிறது.

அண்ணிக்குக் குழப்பமே இல்லை. பூரித்துப் போனாள். அந்த நுண்ணோக்கிப் படத்தைத்தான் வாட்ஸப்பில் தன் முகத்துக்குப் பதிலாக வைத்திருக்கிறாள். பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், மருந்துக்கடைப் பையன் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். "மனுசங்களுக்கு அஞ்சலைன்னு பேரு வெக்கிறத உட்டாங்க. இப்ப பூசணத்துக்கு வெச்சிகீறாங்க" என்று இடையில் நின்று நின்று, மூச்சு பிடித்துச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. போன ஆடி மாதம், சென்னைக்குக் கிளம்பிய ஒரு காலையில், ஆரணி பேருந்து நிலையத்தில் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பஸ் வர நேரமிருந்தது. அவன் இரண்டு டீ வாங்கி வந்திருந்தான். சேத்துப்பட்டு மாடிப்படி, போகிக்கு முன் நான் சொன்ன பொய், வேலூரில் சொன்ன பொய். ஒன்றையும் விடவில்லை.

அவன் கையிலிருந்த டீ ஆடை கட்டிப் போனது.

"அப்போ, நான் அன்னிக்கு அடிச்சிருந்தா?"

"நல்லா இருந்திருப்பாங்கண்ணா. முழுசா இல்லன்னாலும்."

"சுண்ணாம்ப ஊற வெச்சிருந்தேன்" என்றான். மறுபடியும், "ஊற வெச்சிருந்தேன்மா" என்றான்.

"அண்ணிகிட்டயும் சொல்லிடறேன். அடுத்த தடவ வரும்போது."

"சொல்லாத."

"தெரியணும் இல்லண்ணா?"

"யாருக்குத் தெரியணும்? உனக்கு இறக்கி வெக்கணும், அதுக்குச் சொல்ற. அவளுக்கு மூச்சு உடறதே பெரிய வேலையா கீது. உன்ன வெறுக்கறதுக்கும் மூச்சு வேணும். எங்க போவா அதுக்கு?"

பஸ் வந்தது. எப்போதும் போல என் பையைத் தூக்கி மேலே வைத்தான். எப்போதும் போல ஜன்னலோரத்தில் வந்து நிற்கவில்லை.

அதன் பிறகு அவன் என்னோடு பேசுவதில்லை. நான் போனால் கடைக்குக் கிளம்பிவிடுவான். "இவருக்கு இன்னா ஆச்சு?" என்று அண்ணி என்னிடம் கேட்கிறாள். வயசாகுது அண்ணி என்கிறேன். இது மூன்றாவது பொய்யா, நான்காவதா? இறக்கி வைக்கப் போய், பாதியை அவன் தலையில் ஏற்றிவிட்டேன். இப்போது உங்கள் தலையிலும்.

நேற்றுக் காலை அண்ணி வீடியோ காலில் வந்தாள். மூக்கில் குழாய், முகம் முழுக்க ஆர்வம்.

"கோமதி, இத பாரு. உனக்காக எடுத்து வெச்சிகீறேன். உங்க அண்ணன் தூக்கிப் போடச் சொன்னாரு, நான் உடல."

கட்டிலோரத்து ஜன்னலில் ஒரு சின்னக் கிண்ணம். அதற்குள் பாதி எலுமிச்சை. அதன்மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்து, நடுவில் இளஞ்சிவப்பு தட்டியிருந்தது. அவள் தலையணையிலிருந்து கை எட்டும் தூரம்.

தூக்கிப் போடுங்க அண்ணி, உடனே, ஜன்னலைத் திறந்து வையுங்க, கையைக் கழுவுங்க. இதையெல்லாம் சொன்னேன். கத்தியே சொன்னேன். அவள் பயந்துபோய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அண்ணனைக் கூப்பிட்டாள்.

ஆனால் அதற்கு முன்னால், என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை அது அல்ல.

"கொஞ்சம் கிட்ட காட்டுங்க அண்ணி" என்றேன். அவள் கிண்ணத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நான் பார்த்தேன்.